படிப்பு ஏறவில்லையா? தேத்தண்ணியிலிருந்து தேடத் தொடங்குவோம்

தாப்பாவிலிருந்து பழைய மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அதற்குச் சற்றுத் தள்ளித்தான் 1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இருக்கிறது. முன்போல் இப்போது தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருக்கவில்லை. பலர் பட்டணத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஆனாலும் இருக்கிற வீடுகளில் காலை ஐந்தரைக்கெல்லாம் விளக்கு எரியும். அடுப்பில் முதலில் ஏறுவது தேத்தண்ணிக்கான தண்ணீர். சீருடை போட்ட பிள்ளை சூடான தேத்தண்ணியில் இரண்டு பிஸ்கட்டை முக்கித் தின்றால் பசியாறல் முடிந்தது. பனி விலகுவதற்கு முன் பள்ளி வேன் வந்துவிடும்.

அதே பிள்ளை பத்து மணிக்குக் கணிதப் பாடத்தில் கொட்டாவி விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தேர்வில் மதிப்பெண்ணும் குறைகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறமாட்டேங்குது." நம் வீடுகளில் இதைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. இந்தப் பேச்சில் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. கோளாறு மண்டைக்குள்ளேதான் என்று விசாரிக்காமலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கற்றலை ஆராய்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்வதில்லை. மண்டைக்குப் போகும் இரத்தத்தில் என்ன இருக்கிறது, இரவு எத்தனை மணி நேரம் தூங்கியது, வகுப்பறையில் ஆசிரியர் குரல் கேட்கிறதா, பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்றெல்லாம் பார்த்த பிறகுதான் மண்டைக்கு வருகிறார்கள். நாமும் அப்படியே போவோம். தேயிலை மலையில் இருப்பதால், தேத்தண்ணிக் கோப்பையிலிருந்தே தொடங்கலாம்.

நம் மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைச் சுமந்து வருவது இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். அதன் நடுவில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இரும்பு அணு. இரும்புக்கு வேறு வேலைகளும் உண்டு. நரம்பு இழைகளைச் சுற்றி இருக்கும் மயலின் உறை உருவாகவும், கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் தயாராகவும் இரும்பு வேண்டும். அதனால்தான், இரத்தசோகை என்று சொல்லும் அளவுக்குப் போகாமல் உடலின் இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்திருந்தாலே படிப்பு தடுமாறக்கூடும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நான்கு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவிகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அதன் முடிவு 1996-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்தது. இரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்புச் சேமிப்பு குறைந்த 81 மாணவிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு இரும்பு மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது கிடைத்தது என்று மாணவிகளுக்குத் தெரியாது. எட்டு வாரம் கழித்துச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில் இரும்பு பெற்றவர்கள் முன்னே நின்றார்கள். 2001-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, 6 முதல் 16 வயது வரையிலான 5,398 பிள்ளைகளின் இரத்தத்தையும் கணித மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரும்புச்சத்து குறைந்தவர்களின் சராசரி மதிப்பெண் குறைவாக இருந்தது. அவர்களில் இரத்தசோகை இல்லாதவர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள்.

பால்டிமோர் நமக்குத் தூரம்தான். பக்கத்தில் ஒன்று சொல்கிறேன். இலங்கையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நடந்த ஆய்வு 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரத்தசோகை இருந்தவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்ததும் அவர்கள் பறித்த கொழுந்தின் எடை கூடியது. மிகவும் சோகை பிடித்திருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம். முன்பு அவர்களைச் சோம்பேறி என்று யாராவது திட்டியிருந்தால், திட்டு வாங்க வேண்டியது அந்தப் பெண்களா, அவர்கள் இரத்தமா? கொழுந்துக் கூடைக்குப் பதிலாகப் புத்தகப் பையை வைத்துப் பாருங்கள், கதை அதுவேதான்.

இனி கோப்பைக்கு வருவோம். தேயிலைக்குத் துவர்ப்பைத் தருவது பாலிபினால் வகைப் பொருள்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இவை குடலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடல் உறிஞ்ச முடியாமல் செய்துவிடும். குறிப்பாகக் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பு இப்படி வீணாகும். 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரொட்டியோடு கறுப்புத் தேத்தண்ணி குடித்தவர்களின் உடலில் இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதே ஆய்வில் பால் சேர்த்தும் பெரிய மாற்றம் இல்லை.

உடனே போய் அம்மாவிடம் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அது ரிங்லெட்டில் நடக்கிற காரியமும் இல்லை. மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் இந்தத் தடை வெகுவாகக் குறைகிறது என்று 2017-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. வைட்டமின் சி இதற்கு நேர் எதிராக வேலை செய்து, இரும்பு உறிஞ்சப்பட உதவுகிறது. கொய்யாவும் எலுமிச்சையும் அதில் சிறந்தவை. சுற்றுப்பயணிகளுக்கு விற்கப்படும் கேமரன் ஸ்ட்ராபெரியிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. மலைக்காரர்களும் அதைத் தின்னலாம்! கீரையோடும் பயறோடும் நெத்திலி, மீன், இறைச்சி கொஞ்சம் சேர்ந்தால் இன்னும் நல்லது. மாதவிடாயில் இரும்பை இழப்பதால் மாணவிகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை.

ஓர் எச்சரிக்கை. சோர்வாக இருக்கிறது என்று மருந்துக்கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நம் நாட்டில் தலசீமியா மரபணு பலருக்கு உண்டு. அவர்களின் சிவப்பணுவும் சிறிதாக, வெளிறித்தான் இருக்கும், ஆனால் காரணம் வேறு. அவர்களுக்கு இரும்பு மாத்திரை தீர்வாகாது. நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016 முதல் தலசீமியா பரிசோதனை நடப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். முதலில் அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை, மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகு.

தேத்தண்ணி இன்னொரு வழியிலும் வகுப்பறைக்குள் வருகிறது. ஒரு கோப்பைக் கறுப்புத் தேத்தண்ணியில் சுமார் 40 மில்லிகிராம் காஃபீன் இருக்கலாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதியளவு உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். மாலை ஏழு மணிக் கோப்பையின் மிச்சம் நள்ளிரவில் உங்களோடு விழித்திருக்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பு சிறு வயதில் இருந்ததைவிடத் தாமதமாகத் தொடங்கும். ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று நீங்கள் சொல்வது சாக்குப்போக்கு மட்டுமல்ல, உடலியலும்கூட. (கைப்பேசி கையில் இருந்தால் அது சாக்குப்போக்குதான்.) 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஐந்தரைக்கு எழுகிற தோட்டத்துப் பிள்ளை ஒன்பதரைக்காவது கண்ணை மூட வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். இரவு முழுக்க விழித்துப் படிப்பவர் சாமான்களை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே எடுத்து வைக்காமல் போகிறவரைப் போன்றவர்.

சரி, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, வகுப்புக்கும் வந்தாகிவிட்டது. இப்போது மழை.

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தகரக் கூரையின் கீழே படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழை பிடித்தால் ஆசிரியரின் வாய் அசையும், குரல் வராது. கடைசி வரிசை வேறு கதை பேசத் தொடங்கிவிடும். இது சின்ன விஷயமா? நியூயார்க்கில் ஒரு தொடக்கப்பள்ளி மேம்பால ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ரயில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்து வகுப்புகளில் பாடம் நின்றுவிடும். மறுபக்கத்து வகுப்புகள் அமைதியானவை. உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்களையும் ஒப்பிட்டு 1975-இல் வெளியிட்டார். ஆறாம் வகுப்பு வருவதற்குள் சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பள்ளி ஒன்று, தெரு ஒன்று, சுவர் மட்டும் வேறு. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் அட்டைகளும் வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் கூரைத் தகடுகளும் பொருத்தப்பட்டன. 1981-இல் மீண்டும் அளந்தபோது இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு காணவில்லை.

ஜெர்மனியின் மூனிக் நகரம் இதைவிடத் தெளிவான சாட்சி. அங்கே 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டுப் புதியதை வேறிடத்தில் திறந்தார்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே சோதித்து வைத்திருந்தார்கள். பழைய நிலையத்துக்கு அருகில் இருந்தவர்களின் நீண்டகால நினைவும் வாசிப்பும் விமானங்கள் போன பிறகு தேறின. புதிய நிலையத்துக்கு அருகில் இருந்தவர்களுக்கு அவை சரிந்தன. பிள்ளைகளும் அவர்களுடைய மூளையும் மாறவில்லை, விமானம்தான் இடம் மாறியது.

கூரைக்கு அடியில் ஒலித் தடுப்புப் பலகை போட மாணவரால் முடியாது. அது பள்ளி வாரியமும் பெற்றோரும் பேச வேண்டியது. மழை கொட்டும் நேரத்தில் ஆசிரியர் தொண்டை கிழியக் கத்துவதைவிட எழுத்து வேலையோ வாசிப்போ கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மலை வேறொரு சலுகையையும் தருகிறது. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு முடிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வின்படி, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் அந்த ஆண்டின் சராசரி வெப்பம் அரை டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் கூடினாலே ஓராண்டுக் கற்றலில் 1 விழுக்காடு போய்விடுகிறது. சமவெளி மாணவர்கள் காற்றாடிக்குக் கீழே வியர்க்கும்போது ரிங்லெட் மாணவர்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். மின்கட்டணம் கட்டாமல் கிடைத்த குளிர்சாதனம்!

காதைப் பற்றிச் சொன்ன பிறகு கண்ணை விட்டுவிடக் கூடாது. இரண்டாம் படிவம் வரை பலகையில் இருப்பது எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியதற்காக அடியும் வாங்கினேன். மேற்குச் சீனாவில் 252 பள்ளிகளில் கண்பார்வை குறைந்த 3,177 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், இலவசக் கண்ணாடி பெற்றவர்களின் கணித மதிப்பெண் உயர்ந்தது. பெற்றோரின் படிப்போ குடும்பத்தின் வசதியோ ஏற்படுத்திய வேறுபாட்டைவிட அது பெரிது என்று 2014-இல் எழுதினார்கள். ஒரு கண்ணாடி!

அடுத்தது, உங்களில் பலர் அனுபவித்த ஒன்று. ஆறாண்டு தமிழில் படித்துவிட்டு முதலாம் படிவத்தில் நுழைகிறீர்கள். அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் தேசிய மொழியில். மலாய் போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். நேற்றுவரை கை தூக்கிய பிள்ளை இன்று வாய் திறப்பதில்லை. அறிவு விடுமுறையில் போய்விட்டதா? இல்லை. நாம் ஒரே நேரத்தில் மனத்தில் தூக்கிப் பிடிக்கக்கூடிய புதிய செய்திகள் மிகக் குறைவு. 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார். 2001-இல் நெல்சன் கோவன் நான்குதான் என்றார். 'டாயா கெசெரான்' என்று ஆசிரியர் சொல்லும்போது, 'டாயா' என்றால் விசை, 'கெசெரான்' என்றால் உராய்வு என்று மொழிபெயர்ப்பதிலேயே இரண்டு இடம் போய்விட்டது. உராய்வு எந்தத் திசையில் செயல்படும் என்று யோசிக்க மிச்ச இடம் எங்கே? அவர் அறிவியலில் தோற்கவில்லை, சொல்லில் இடறினார்.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் முதல் ஆண்டிலிருந்தே வேறு மொழியில் படித்திருக்கலாமே" என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் பள்ளித் தரவுகளைப் பார்த்த டெய்லர், ஃபான் ஃபிண்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் எழுதிய முடிவு இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் படித்தவர்கள், தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்களைவிடப் பின்னாளில் ஆங்கிலத்திலேயே நன்றாகச் செய்தார்கள். தாய்மொழியில் வாசிப்பும் சிந்தனையும் உறுதிப்பட்டால் அடுத்த மொழிக்கு அதுவே அடித்தளமாகிறது. ஆக, தேவைப்படுவது இடைப்பட்ட காலத்துக்கு ஒரு பாலம். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடநூலின் முக்கியச் சொற்களை முதல் நாளே எடுத்துத் தமிழ்ப் பொருளோடு எழுதிப் படித்துவிட்டுப் போங்கள். வகுப்பில் சொல்லுக்குப் போகும் இடம் மிச்சமாகும். சில சொற்கள் உங்களுக்குப் புதியவையும் அல்ல. 'லோகம்' நம் உலோகம்தான். 'பூமி' பூமியேதான். 'சிஸ்தெம் சூரியா'வில் இருப்பது நம் சூரியன்.

கடைசியாக, முழுக்க உங்கள் கையில் இருக்கிற ஒன்று. படிக்கிற முறை. பாடத்தை நாலு தடவை வாசித்தால் ஏறிவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். மஞ்சள் மையால் கோடும் போடுகிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை ஒரு முறை வாசித்தார்கள். பிறகு அதையே மறுபடி வாசித்த மாணவர்கள் உண்டு, தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி வாசித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. தராசு அப்படியே சாய்ந்துவிட்டது. இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். வாசிக்க வாசிக்க எழுத்து பழகிப்போகும், அந்தப் பழக்கத்தையே அறிவு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மூடிவைத்து எழுதும்போது தெரியாதது வலிக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு கெட்டிப்படுகிறது.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். அறிவியல் பாடநூலில் இதுவரை படிக்காத, ஏறக்குறைய ஒரே நீளமுள்ள இரண்டு பகுதிகளை எடுங்கள். முதல் பகுதியை நான்கு முறை வாசியுங்கள். இரண்டாவதை ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் செலவிடுங்கள். எது அதிகம் நினைவிருக்கும் என்று உங்கள் கணிப்பை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். இடையில் இரண்டையும் தொடாதீர்கள். அடுத்த வாரம் இதே நாளில், பசியாறி முடித்து, தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது, இரண்டு பகுதியிலும் நினைவிருக்கும் செய்திகளை எழுதி எண்ணிப் பாருங்கள். பிறகு அந்த மடித்த தாளைப் பிரியுங்கள்.